பள்ளி வாசலில் மெட்டல் டிடெக்டர் வைக்கலாமா? வேலூர், காட்பாடிப் பெற்றோர் கருத்துச் சொல்லுங்கள்

காட்பாடி மலர்
ஞாயிறு, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை டெக்சாஸில் டாலஸ் பக்கம் இருக்கிறாள். ஜூன் மாதம் பிள்ளைகளோடு காட்பாடிக்கு வந்திருந்தாள். அவள் மகளுக்கு ஏழு வயது. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் படுத்திருந்தோம். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். ஊர்வலம் எங்கள் தெரு முனைக்கு வந்ததும் சரவெடி கொளுத்தினார்கள். நமக்குப் பழகிய சத்தம்தான். வெடி அடங்கிய பிறகு பார்த்தால் அந்தப் பெண்ணையும் காணோம், என் நாலு வயது மகனையும் காணோம். மாடி, தோட்டம் எல்லாம் தேடிவிட்டோம். கடைசியில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் இருந்தாள். என் மகனை மடியில் வைத்து, அவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டேன், அசையவில்லை. யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் வரக்கூடாது, சத்தம் போடக்கூடாது, சின்னப் பிள்ளை அழுதால் வாயைப் பொத்த வேண்டும். இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். துப்பாக்கியோடு யாராவது வந்தால் ஒளிந்துகொள்ளப் பள்ளியில் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். என் தங்கை தரையில் உட்கார்ந்து பேசிப் பேசித்தான் வெளியே வரவழைத்தாள்.

அந்த மாநிலத்தில்தான் 2022 மே 24 அன்று யுவால்டி என்ற சின்ன ஊரில், தொடக்கப் பள்ளிக்குள் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவனுக்கு 18 வயது. கடையில் காசு கொடுத்து வாங்கிய துப்பாக்கி. கிட்டத்தட்ட 400 போலீஸார் வந்து சேர்ந்தும் 77 நிமிடம் வரை அவனை மடக்க யாரும் வகுப்புக்குள் போகவில்லை. அதற்குப் பிறகு டாலஸில் பெரிய பிள்ளைகள் உள்ளே இருப்பது தெரிகிற பையைத்தான் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஆக்கினார்கள்.

என் மகள் இங்கே ஒரு தனியார் பள்ளியில் ஏழாவது படிக்கிறாள். பெற்றோர் வாட்ஸாப் குழுவில் வரும் செய்திகளைப் பார்த்துவிட்டு, வாசலில் மெட்டல் டிடெக்டரும் எல்லா வகுப்பிலும் கேமராவும் வைக்கப் பள்ளி முடிவு செய்திருக்கிறது. தலைக்கு 1,500 ரூபாய். வரும் சனிக்கிழமை கூட்டம். பணம் பெரிய விஷயமில்லை. ஆனால் அதனால் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வருமா? ஆசிரியர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


சத்துவாச்சாரி ஆட்டோ
ஞாயிறு, இரவு 10:02

அக்கா, நான் 14 வருஷமாகப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவன். என்னைக் கேட்டால் முதல் ஆபத்து ரோடுதான். காலை எட்டரை மணிக்கு சத்துவாச்சாரியில் ஹைவே சர்வீஸ் ரோட்டில் நின்று பாருங்கள். எதிர்த்திசையில் பைக் வரும், நடுவில் பிள்ளைகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார்கள். 2012ல் சென்னை சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பேருந்துத் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஆறு வயதுக் குழந்தை விழுந்து இறந்த பிறகுதான் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதி வந்தது. 2025 ஜூலையில் கடலூர் செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் போய்விட்டார்கள். துப்பாக்கி நம் ஊரில் இல்லாத பொருள். ஆட்டோவில் பலகை போட்டு 12 பிள்ளைகளை ஏற்றுவது தினமும் நடக்கிறது. இன்னும் ஒரு பிள்ளையை ஏற்றிக்கொள் என்று கெஞ்சுவதும் பெற்றோர்தான். நான் இப்போது ஏற்றுவதில்லை.

இன்னொன்று. பிள்ளைகள் ஆட்டோவில் ஏறினால் டிரைவர் இருப்பதையே மறந்துவிடுவார்கள். யார் யாரை அடித்தான், எந்த சார் என்ன சொல்லித் திட்டினார், யார் யாரிடம் காசு பிடுங்குகிறான் எல்லாம் என் காதில் விழும். 14 வருஷத்தில் ஒரு பள்ளியில் இருந்தும் என்னை அழைத்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போதும் ஆறாவது படிக்கும் ஒரு பையன் இருக்கிறான். மற்றப் பிள்ளைகள் பையை வெளியே கொக்கியில் மாட்டச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அவன் மட்டும் ஒரு மாதமாகப் பையை மடியை விட்டு இறக்குவதில்லை. இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருக்கிறான். முன்பு பாட்டுப் பாடிக்கொண்டு வருவான், இப்போது பேசுவதே இல்லை.


ஆம்பூர் கணக்கு டீச்சர்
திங்கள், காலை 6:15

ஆட்டோ அண்ணா, அந்தப் பையனைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததில் இருந்து மனசு சரியில்லை. அதனால் பள்ளிக்குக் கிளம்பும் முன்பே எழுதுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் என் ஒன்பதாம் வகுப்பில் நடந்தது இது. கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பெண்ணின் நோட்டில், வர்க்கமூலக் கணக்குப் போட்ட பக்கத்தில், கிழித்த துண்டுக் காகிதம் ஒன்று இருந்தது. ஒரு பையனின் பேரை எழுதி, "அவன் பையில் தோல் அறுக்கிற கத்தி இருக்கு மிஸ். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்று இருந்தது. எங்கள் பக்கம் பாதி வீடுகளில் அப்பாவோ அம்மாவோ ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். அந்தக் கத்தியை எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருப்பார்கள்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆனாலும் வகுப்பில் பையைக் கொட்டச் சொன்னால் என்ன ஆகும் என்று மட்டும் தெரிந்தது. நோட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு வா என்று அவனை ஸ்டாஃப் ரூமுக்கு அழைத்தேன், பையையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பக்கத்தில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். "யாருக்குப் பயந்து எடுத்துட்டு வர்றே?" என்று கேட்டேன். ஏன் கொண்டுவந்தாய் என்று கேட்காமல் அப்படிக் கேட்க எப்படித் தோன்றியது என்று இன்றுவரை தெரியவில்லை. அவன் அழ ஆரம்பித்துவிட்டான். சைக்கிள் டியூபில் சுற்றிய கத்தியை எடுத்து மேஜையில் வைத்தான். தீட்டித் தீட்டித் தேய்ந்து விரல் அகலம்தான் இருந்தது. ரயில் பாதை ஓரமாக வீட்டுக்குப் போகும் வழியில் பெரிய பையன்கள் மூன்று பேர் தினமும் மறித்திருக்கிறார்கள். காசு இல்லாத நாளில் செருப்பைக் கழற்றி வீசியிருக்கிறார்கள். இருபது நாளாக அந்தக் கத்தி அவன் பையில் இருந்திருக்கிறது. அந்த இருபது நாளும் அவன் பையை மடியில் வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டான். நான் பார்த்தேன். பார்த்தும் கேட்கவில்லை.

டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்றுதான் பள்ளியில் முதலில் பேசினார்கள். டி.சி. கொடுத்தால் அவன் நாளைக்கு அந்த ரயில் பாதையில் கத்தியோடு தனியாக நிற்பான், நம் கண்ணுக்கும் எட்டமாட்டான் என்று சண்டை போட்டேன். அவன் அப்பாவை அழைத்துப் பேசினோம். அந்த மூன்று பையன்களின் வீட்டுக்கும் நானும் பி.டி. சாரும் போனோம். ஒரு மாதம் சாயங்காலம் யாராவது ஒருவர் அந்தப் பாதை முனையில் நின்றோம். அவன் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. போனான்.

அதன் பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் கொலம்பைன் பள்ளியில் 1999 ஏப்ரல் 20 அன்று 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் கொல்லப்பட்ட பிறகு, அதிபருக்குக் காவல் நிற்கும் சீக்ரெட் சர்வீஸும் அமெரிக்கக் கல்வித் துறையும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தன. 1974 முதல் 2000 வரை பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்கள், தாக்கியவர்கள் 41 பேர். நூற்றுக்கு 81 சம்பவங்களில் ஒருவருக்காவது முன்கூட்டியே விஷயம் தெரிந்திருக்கிறது. தெரிந்தவர்கள் அநேகமாக எல்லோருமே கூடப் படிக்கிறவர்கள், நண்பர்கள், அண்ணன் தம்பிகள். தாக்கியவர்களில் பத்தில் ஏழு பேர் தாங்கள் துன்புறுத்தப்பட்டதாக உணர்ந்தவர்கள். முக்கால்வாசிப் பேருக்கு மேல் அதற்கு முன்பே தங்கள் உயிரை மாய்த்துக்கொள்ள நினைத்தவர்கள் அல்லது முயன்றவர்கள். துப்பாக்கி பெரும்பாலும் சொந்த வீட்டில் இருந்தோ உறவினர் வீட்டில் இருந்தோ வந்திருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு அந்தத் துண்டுக் காகிதம்தான் ஞாபகம் வந்தது. மலர் அக்கா, பிள்ளைகளுக்கு எப்போதும் தெரியும். அவர்கள் வந்து சொல்கிற மாதிரி பள்ளியில் ஒரு பெரிய மனுஷி இருக்கிறாளா என்பதுதான் கேள்வி.

ஆட்டோ அண்ணா, தயவுசெய்து அந்தப் பையனின் பையைத் திறந்து பார்க்காதீர்கள். மற்றப் பிள்ளைகள் இறங்கிய பிறகு முன்னால் உட்காரவைத்து மெதுவாகக் கேளுங்கள்.


கோட்டைவாசல்
திங்கள், காலை 11:40

டீச்சர் சொல்வது நல்ல விஷயம். ஆனால் எல்லாப் பள்ளியிலும் நோட்டில் துண்டுச் சீட்டு வராது. சென்னை பாரிமுனைப் பக்கம் 2012 பிப்ரவரியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் வகுப்பறைக்குள்ளேயே ஆசிரியையைக் குத்திக் கொன்றான். பாளையங்கோட்டையில் 2025 ஏப்ரலில் எட்டாம் வகுப்பு மாணவன் பையில் அரிவாளோடு வந்து சக மாணவனை வெட்டினான், தடுத்த ஆசிரியைக்கும் வெட்டு. உத்தராகண்டில் காஷிப்பூரில் 2025 ஆகஸ்டில் ஒரு பையன் டிபன் பாக்ஸில் துப்பாக்கி கொண்டுவந்து ஆசிரியரைச் சுட்டான். இந்த மூன்றிலும் வாசலில் பையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மனசைப் பேசிச் சரிசெய்யும் வரை காத்திருக்க முடியாது. நான் 1,500 ரூபாய் கொடுப்பேன்.


தொரப்பாடிக்காரன்
செவ்வாய், அதிகாலை 4:55

தொரப்பாடியில் பிறந்து வளர்ந்தவன், இப்போது மிச்சிகனில் இருக்கிறேன். கோட்டைவாசல் அண்ணா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. என் மகன் ஒன்பதாவது படிக்கிறான். எங்கள் வீட்டில் இருந்து ஒரு மணி நேரத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஊர். அங்கே நடந்ததை இங்கே எல்லாப் பெற்றோரும் இன்னும் பேசுகிறார்கள்.

2021 நவம்பர் 26 அன்று ஓர் அப்பா கடையில் கைத்துப்பாக்கி வாங்குகிறார், 15 வயது மகனுக்காக. மறுநாள் அம்மா அவனைச் சுடப் பழகும் இடத்துக்கு அழைத்துப் போகிறார். 30ஆம் தேதி காலை அவன் கணக்குத் தாளில் துப்பாக்கி, ரத்தம் என்று படம் வரைந்து, எண்ணங்கள் நிற்கவில்லை, எனக்கு உதவுங்கள் என்று எழுதியிருக்கிறான். ஆசிரியை அதைப் பார்த்துவிட்டார். பெற்றோரை வரவழைத்தார்கள். கவுன்சலர் பேசினார், சீக்கிரம் சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள் என்றார். பெற்றோர் அவனை வீட்டுக்குக் கூட்டிப் போகாமல் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். அவன் பையோடு வகுப்புக்குப் போனான். பெற்றோரோடு பேசியபோது பை அந்த அறையிலேயேதான் இருந்தது, யாரும் திறக்கவில்லை. வீட்டில் ஒரு துப்பாக்கி இருக்கிறது என்று பெற்றோர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று மத்தியானம் அவன் சுட்டதில் நான்கு மாணவர்கள் செத்துப்போனார்கள்.

2024ல் அந்த அப்பா அம்மா இருவருக்கும் தனித்தனியாக வழக்கு நடந்து, ஆளுக்குப் 10 முதல் 15 வருஷம் சிறை. பிள்ளை பள்ளியில் சுட்டதற்காகப் பெற்றோருக்கு, கொல்லும் நோக்கம் இல்லாமல் சாவுக்குக் காரணமான குற்றத்துக்குத் தண்டனை கிடைத்தது இந்த நாட்டில் அதுதான் முதல் முறை.

அந்தக் காலையில் பையைப் பார்த்திருக்க வேண்டும், அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் ஒரு பிள்ளையிடம் அடையாளம் தெரிந்த பிறகு அந்தப் பையைப் பார்ப்பது வேறு. தினமும் ஆயிரம் பையைக் கடனுக்குப் பார்ப்பது வேறு. நம் ஊர்ப் பிள்ளைகளின் பையில் என்ன இருக்கும்? எவர்சில்வர் டிபன் பாக்ஸ், எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், ஜாமெட்ரி பாக்ஸ். எட்டே முக்காலுக்கு மெட்டல் டிடெக்டர் ஒவ்வொரு பிள்ளைக்கும் கத்தும். இரண்டாம் வாரம் வாட்ச்மேன் அதை அணைத்துவிடுவார்.

இன்னொன்று கதவு. யுவால்டியில் 111ஆம் அறையின் கதவு சரியாகப் பூட்டாது என்பது முன்பே பள்ளிக்குத் தெரியும். நான் படித்த பள்ளியில் வகுப்புக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான். உள்ளே இருந்து போடுகிற தாழ்ப்பாள் எல்லா வகுப்பிலும் இருக்கிறதா என்று மலர் அக்கா கூட்டத்தில் கேளுங்கள். 1,500 ரூபாய் ஆகாது.


ஒடுகத்தூர் ஏட்டு (ஓய்வு)
செவ்வாய், இரவு 8:30

தாழ்ப்பாள் பற்றித் தம்பி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். உள்ளே இருந்து போடவும் வேண்டும், சாவி தேடாமல் ஒரு கையால் திறக்கவும் வேண்டும். 2004 ஜூலை 16 கும்பகோணத்தை யாரும் மறக்கக்கூடாது. சத்துணவுக் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. குறுகலான படிக்கட்டு, வெளியே வர வழியில்லை, 94 குழந்தைகள். துப்பாக்கிக்குப் பயந்து ஜன்னலுக்கெல்லாம் கம்பி அடித்து, பின்வாசலைப் பூட்டி வைத்தால் நெருப்புக்கு வழி செய்த மாதிரி ஆகிவிடும்.

துப்பாக்கி நம் ஊரில் இல்லாத பொருள் என்று ஆட்டோ தம்பி எழுதியிருக்கிறார். முழுக்கச் சரியில்லை. ஜவ்வாது மலையில் காட்டுப்பன்றி பயிரை அழிக்கிறது என்று நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. மலை ஜனங்கள் நல்லவர்கள், சண்டைக்கு அதைத் தூக்குகிறவர்கள் இல்லை. பன்றி ஒரே ராத்திரியில் சாமையையும் மரவள்ளியையும் கிளறிப் போட்டுவிட்டுப் போனால் அவர்களுக்கு வருஷச் சாப்பாடு போயிற்று. ஆனால் உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குற்றம் குற்றம்தான். பல முறை தண்டோரா போட்டு ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறோம்.

ஒரு தடவை அப்படி ஒரு வீட்டுக்குப் போனேன். ஆயாவும் பேரனும்தான் இருந்தார்கள். உள்ளே சுவரில் ஓர் ஆணி. அதில் பேரனின் பள்ளிப் பை தொங்குகிறது, அரசாங்கம் கொடுத்த பை. அதே ஆணியில், பைக்குப் பின்னால், துப்பாக்கி தொங்குகிறது. மருந்து திணித்து வைத்திருக்கிறார்கள். பையன் தினமும் காலையில் துப்பாக்கியை ஒரு கையால் ஒதுக்கிவிட்டுத்தான் பையை எடுத்திருக்கிறான். நாலாம் வகுப்பு. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

குர்கானில் 2007ல் எட்டாம் வகுப்பு மாணவர்கள் இருவர் சக மாணவனைச் சுட்டார்கள், துப்பாக்கி அப்பாவுடையது. ஹரியானாவில் யமுனாநகரில் 2018 ஜனவரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் பள்ளி முதல்வரைச் சுட்டான், அதுவும் அப்பாவுடையது. உரிமம் உள்ளவர்கள், காவலுக்குத் துப்பாக்கி வாங்கிய எக்ஸ் சர்வீஸ்மேன்கள் நம் மாவட்டத்தில் நிறைய இருக்கிறார்கள். தோட்டாவைத் தனியாக, துப்பாக்கியைத் தனியாக, இரண்டையும் பூட்டில் வையுங்கள். சாவி இருக்கும் இடம் பிள்ளைக்குத் தெரியக்கூடாது. தெரியாது என்று நீங்கள் நினைத்தால் மறுபடியும் இடம் மாற்றுங்கள்.

பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய், அதாவது கடித்தால் வெடிக்கும் நாட்டு வெடி, இன்னும் மோசம். வரப்பில் உருண்டையாகக் கிடக்கும். பிள்ளைகளுக்கு அது பந்து.


பெயர் வேண்டாம்
புதன், பகல் 2:20

டீச்சர், பிள்ளை சொன்னால் போதும் என்பது போல் எல்லோரும் எழுதுகிறீர்கள். என் மகன் சொன்னான்.

எட்டாவது படிக்கும்போது அவனை வகுப்பில் நாலு பேர் சாதியைச் சொல்லி அடித்தார்கள். நான்தான் தைரியம் சொல்லி, போய் கிளாஸ் டீச்சரிடம் சொல் என்று அனுப்பினேன். பள்ளி பேரைச் சொல்ல விரும்பவில்லை. டீச்சர் அந்த நாலு பேரையும் எழுப்பி நிற்கவைத்து, என் மகனையும் பக்கத்தில் நிற்கவைத்து, இவன் உங்களைப் பற்றிக் கம்ப்ளெயின்ட் பண்ணியிருக்கான் என்று வகுப்பு முன்னாலேயே சொன்னார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிள்ளைக்குச் சட்டையில் பட்டன் இல்லை. அதன் பிறகு என்னிடமும் எதுவும் சொல்வதை நிறுத்திவிட்டான்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நடந்தது என்ன? கூடப் படித்தவர்கள் சாதியைச் சொல்லித் துன்புறுத்திய அந்தப் பையனும் பயந்து பள்ளிக்குப் போகாமல் இருந்து, கடைசியில் சொன்னவன்தான். சொன்ன விஷயம் அந்த மாணவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ராத்திரி வீடு தேடி வந்து அவனையும் தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்த பிள்ளை அடுத்த வருஷம் பிளஸ் டூவில் 469 மார்க் எடுத்தான். அவன் தைரியத்தை எல்லோரும் பாராட்டினார்கள். சொன்ன பிள்ளையைக் காப்பாற்ற என்ன செய்தோம் என்று யாராவது கேட்டார்களா?


ஆம்பூர் கணக்கு டீச்சர்
புதன், இரவு 9:45

அம்மா, உங்கள் மகனுக்கு நடந்தது பெரிய அநியாயம். நான் எழுதியதில் இருந்த குறையை நீங்கள் காட்டிவிட்டீர்கள். எனக்குச் சீட்டு எழுதிய பெண்ணின் பேரை நான் தலைமை ஆசிரியரிடம்கூடச் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் மற்றது எதுவும் நடந்திருக்காது. அது எவ்வளவு முக்கியம் என்று இப்போதுதான் எனக்கே உறைக்கிறது.

நாங்குநேரிக்குப் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டார்கள். 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். பள்ளிப் பேர்களில் சாதி இருக்கக்கூடாது, சாதியைக் காட்டும் கயிறு கையில் கட்டக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. கயிறு கட்டுவது தெற்கே மட்டும் என்று நினைக்காதீர்கள், நம் பக்கமும் பார்க்கிறேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பிள்ளை சொல்வதற்கு முதல் தடை நாங்கள்தான். அடிப்பதும் அவமானப்படுத்துவதும் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் 2009லேயே 17ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. ஆனாலும் அப்பாவைக் கூட்டிவா என்று வகுப்பில் சொல்வது எங்களுக்குச் சாதாரணமாகப் போய்விட்டது. 2017 நவம்பரில் நம் பனப்பாக்கத்தில் நான்கு பதினோராம் வகுப்புப் பெண்கள் ஒன்றாக உயிரை விட்டார்கள். பெற்றோரை அழைத்துவரச் சொல்லியிருந்தார்கள். அன்று வடாற்காடு முழுக்க ஸ்டாஃப் ரூம்களில் யாரும் யாரோடும் பேசவில்லை. அந்தப் பிள்ளைகள் மனதில் இருந்த பாரமும், பையில் கத்தியோடு வந்த என் மாணவன் மனதில் இருந்த பாரமும் எனக்கு வேறு வேறாகத் தெரியவில்லை.

வீட்டில் சொல்ல முடியாத பிள்ளைகளுக்காக எண்களை எழுதிவிடுகிறேன். குழந்தைகள் உதவிக்கு 1098. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. மனநல உதவிக்கு 14416, எந்த நேரமும் பேசலாம். எங்கள் வகுப்பில் இவற்றைக் கரும்பலகையின் மேல் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன், அழிக்க விடுவதில்லை.


பிளஸ் டூ படிக்கிறேன்
வியாழன், இரவு 7:05

அம்மாவின் ஐடியில் இருந்து எழுதுகிறேன். பெரியவர்கள் எல்லோரும் பேசுகிறீர்கள், ஒன்று சொல்லலாமா? எங்கள் பள்ளியில் புகார்ப் பெட்டி இருக்கிறது. ஹெச்.எம். ரூம் வாசலில், கேமராவுக்கு நேர் கீழே. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண் போய் நின்றாலே அன்று முழுக்க எல்லோரும் என்ன எழுதினாய் என்று கேட்பார்கள். அதனால் யாரும் போடுவதில்லை. பெட்டி காலியாக இருக்கிறது, எங்கள் பள்ளியில் பிரச்சனையே இல்லை என்று ஆண்டு விழாவில் சொன்னார்கள்.

எங்களுக்குள் யார் ஒரு மாதிரி இருக்கிறார்கள் என்று உண்மையாகவே தெரியும். ஸ்டேட்டஸ் பார்த்தால் தெரியும், யாரோடு சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தால் தெரியும். சொன்னால் அவளுக்கு உதவி செய்வார்களா, டி.சி. கொடுப்பார்களா என்று தெரியாததால்தான் சொல்வதில்லை.


கோட்டைவாசல்
வியாழன், இரவு 10:20

இந்தப் பாப்பா எழுதியதை என் பெரிய பெண்ணிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, எங்கள் பள்ளியிலும் அப்படித்தான் அப்பா என்றாள். பெட்டி இருப்பதே இன்றுதான் எனக்குத் தெரியும். வாசலில் ஆள் வேண்டும் என்பதில் இருந்து நான் மாறவில்லை. யார் உள்ளே வருகிறார், யார் பிள்ளையை அழைத்துப் போகிறார் என்று எழுதிவைக்க வேண்டும். ஆனால் மெஷினுக்குப் போகும் காசில் பாதியை ஒரு நல்ல கவுன்சலருக்குக் கொடுக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.


காட்பாடி மலர்
சனி, இரவு 8:50

கூட்டம் முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன். மூன்று மணி நேரம் நடந்தது.

டிடெக்டரை இந்த வருஷம் வாங்கப் போவதில்லை. கேமரா வாசலிலும் மாடிப்படியிலும் மட்டும். தாழ்ப்பாள் பற்றிக் கேட்டேன். தாளாளர் எழுந்து எங்களோடு நடந்து வந்தார். மொத்தம் 26 வகுப்பு, உள்தாழ்ப்பாள் இருந்தது 9ல். அதிலும் இரண்டு பிள்ளைகளுக்கு எட்டாத உயரம். பின்பக்கக் காம்பவுண்டு சுவர் ஒரு ஆள் நுழையும் அளவு இடிந்து, கழிவறைக்குப் பக்கத்திலேயே திறந்து கிடக்கிறது. இவ்வளவு நாளாக நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போய்ப் பார்த்ததே இல்லை. முன்வாசலில் மெஷின் வைக்கத்தான் கணக்குப் போட்டிருந்தோம். அடுத்த வாரம் கொத்தனார் வருகிறார்.

பிளஸ் டூ பாப்பா எழுதியதைச் செல்போனில் இருந்து சத்தமாகப் படித்தேன். பெட்டியைத் தண்ணீர்க் குழாய் இருக்கும் இடத்துக்கு மாற்றுகிறார்கள், அங்கே எல்லாப் பிள்ளைகளும் நிற்பார்கள், கேமரா கிடையாது. திங்கள்தோறும் இரண்டு ஆசிரியைகளும் ஒரு தாயும் சேர்ந்து திறப்பார்கள். சீட்டில் இருக்கும் பேரை வகுப்பில் சொல்லக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போடவைத்தோம். பெயர் வேண்டாம் என்று எழுதிய அக்கா, உங்கள் பிள்ளையை நினைத்துத்தான் அதைக் கேட்டேன். கவுன்சலருக்கு இன்னும் பிடி கொடுக்கவில்லை, அடுத்த கூட்டத்தில் விடமாட்டோம்.

துப்பாக்கிக்கான ஒத்திகை வேண்டும் என்று ஓர் அப்பா கேட்டார். என் தங்கை மகள் பீரோ இடுக்கில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே நிஜம் போல் பயமுறுத்தும் ஒத்திகை கூடாது என்று 2020ல் சொல்லியிருப்பதையும் சொன்னேன். தீ ஒத்திகை மட்டும் மாதம் ஒரு தடவை, முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு நடத்துவது என்று முடிவானது.

வேன், ஆட்டோ ஓட்டுகிற எல்லோரையும் மாதம் ஒரு முறை அழைத்துப் பேச வேண்டும் என்பதையும் ஒத்துக்கொண்டார்கள். சத்துவாச்சாரி அண்ணா, அந்தப் பையன் என்ன ஆனான்? தினமும் வந்து பார்த்தேன், நீங்கள் எழுதவே இல்லை.


சத்துவாச்சாரி ஆட்டோ
ஞாயிறு, காலை 7:30

மன்னிக்கணும் அக்கா, என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன்.

டீச்சரம்மா சொன்ன மாதிரி செவ்வாய்க்கிழமை மற்றவர்களை இறக்கிவிட்டு அவனை என் பக்கத்தில் உட்காரவைத்தேன். பையைப் பற்றிக் கேட்கவில்லை. ஏன் இப்போ பாட்டுப் பாடுறதில்ல என்று கேட்டேன். பேசவில்லை. புதன்கிழமையும் பேசவில்லை. ஒரு கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன், வாங்கிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். வியாழக்கிழமை அவனே பையைத் திறந்து காட்டினான். உள்ளே ஆயுதம் ஒன்றும் இல்லை டீச்சரம்மா. நோட்டு முழுக்கத் தண்ணீரில் ஊறிக் காய்ந்து உப்பியிருக்கிறது. இரண்டு தடவை அவன் பையைக் கழிவறைத் தொட்டியில் போட்டிருக்கிறார்கள். அடுத்த தடவை புத்தகம் போனால் அப்பா அடிப்பார் என்று பயந்து, கண்ணை விட்டு இறக்காமல் வைத்திருக்கிறான். அவன் வகுப்பு ஆசிரியையிடம் நானே போய்ச் சொன்னேன், பையன் பேரை வகுப்பில் சொல்லாதீங்கம்மா என்றும் சொன்னேன். அந்த அம்மா வெள்ளிக்கிழமையே அவன் அப்பாவை ஷெட்டில் போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார்கள்.

நேற்று சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ். காலையில் ஏறும்போது அந்தப் பையன் பையைக் கழற்றி என் கையில் கொடுத்தான். கொக்கியில் மற்றப் பைகளோடு மாட்டினேன். வழியெல்லாம் இரண்டு மூன்று தடவை எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான்.